மூன்றாவது தடவைக்கு மூன்று சாட்சிகள்

ஓகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை, காலை 6.15. வவுனியாவில் பஸ் ஏறியபோது என்னிடம் இருந்த திட்டம் மிகச் சுருக்கமானது. திருகோணமலைக்குப் போவது, திமிங்கிலம் பார்ப்பது, திரும்பி வருவது. ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். ஜன்னலோரம் கிடைத்ததே பாதித் திருவிழா என்று ஏறி உட்கார்ந்தேன்.

9.40. திருகோணமலை நகரம். பஸ் நிலையத்திலிருந்து உப்புவெளிக்கு ஐந்து கிலோமீற்றர். முச்சக்கரவண்டிக்கு அறுநூறு கேட்டார்கள், ஐந்நூற்றுக்கு இறங்கினார்கள். ஓட்டியவர் சிவா. வழி நெடுகக் கதைத்தார், கேள்வி கேட்டார், பதிலையும் அவரே சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

தங்குமிடத்தில் சமையல் செய்யும் செல்வி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார். எதிர்க் கதிரையில் என் வயதுப் பெண் ஒருத்தி, ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. நான் முதல் வாயை வைப்பதற்குள் சென்னைத் தமிழில் கேட்டார்.

“மத்தியானம் உங்களுக்கு வேலை இருக்கா? எனக்கு மூணு பேர் வேணும்.”

பெயர் ரேச்சல். மும்பையில் பிறந்த யூதப் பெண். முப்பது வருடமாகச் சென்னையில் பல் வைத்தியர். எதற்கு மூன்று பேர் என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். போன வருடம் கிண்ணியா ஹனீபாவின் படகில் திமிங்கிலம் பார்க்கப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் கமராவைக் காணவில்லை. பக்கத்து விடுதி முற்றத்தில், எல்லோருக்கும் முன்னால், ஹனீபாவைத் திருடன் என்று சொல்லிவிட்டார். சென்னையில் அழுக்குத் துணிப் பையைத் திறந்தால் உள்ளே கமரா. அதற்குள் அந்த விடுதி ஹனீபாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது.

“எங்க புது வருசத்துக்கு முந்தின மாசம் இது. கடவுளுக்குச் செஞ்ச தப்பைக் கடவுள்கிட்ட சொல்லலாம். மனுசனுக்குச் செஞ்சதை அந்த மனுசன்கிட்டதான் போய்க் கேக்கணும். மன்னிக்கலன்னா மூணு பேரைக் கூட்டிக்கிட்டுப் போய் அவங்க முன்னாடி கேக்கணும். மூணு தடவை. அதுக்கப்புறமும் மன்னிக்கலன்னா கேட்டவங்க கடன் தீர்ந்துச்சு. ரெண்டு தடவை ஆயிடுச்சு. அப்போ கூட வந்தவங்க ஊருக்குப் போயிட்டாங்க.”

திமிங்கிலத்தை அந்த இடத்திலேயே மறந்துவிட்டேன். அப்படி ஒரு பரபரப்பு எனக்கு. நான் ஒன்று, போனில் திரும்பக் கூப்பிட்ட சிவா இரண்டு, கையைத் துடைத்துக்கொண்டு “நானும் வாறன்” என்று வந்த செல்வி மூன்று.

1.30. கிண்ணியா போகவர மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். பின் ஆசனத்தில் மூன்று பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“இப்பிடிப் பணிஞ்சு போனா ஆக்கள் ஏறி மிதிப்பினம், ரேச்சல்.”

“எங்க வேதம் இறங்கினது சீனாய் மலையில. பெரிய மலையெல்லாம் எனக்கு எனக்குன்னு பெருமை அடிச்சுதாம். இது மட்டும் சும்மா இருந்துச்சாம். அதனாலதான் கடவுள் இதுல இறங்கினாராம்.”

“எங்கட கோணேசர் மலை உச்சியிலதான் கோயில் கொண்டிருக்கிறார்.”

“பாத்தேன். ஏறுறதுக்குள்ள என் பெருமை எல்லாம் மூச்சு வாங்கிடுச்சு,” என்று அவர் சிரிக்க, சிவா ஹோர்னை அடித்துச் சிரித்தார்.

பிறகு அவர் சொன்னது என் மனதில் பதிந்துவிட்டது. “பணிவுன்னா நான் ஒண்ணுமில்லைன்னு நினைக்கிறது இல்லீங்க. என் இடத்தை மட்டும் எடுத்துக்கிறது. நான் பெரியவன்னு காப்பாத்திக்கிட்டே இருந்தா ரெண்டு கையும் அதுக்கே போயிடும். அதை விட்டாதான் வேற எதையாவது தூக்க முடியும். அந்த மலையில வேதம் வாங்கித் தந்த எங்க முதல் குரு, ராஜாவையே எதிர்த்து நின்னவர். ஆனா அவரோட பெரிய பெருமையா நாங்க சொல்றது அவர் பணிவைத்தான்.”

2.25. நானூறு மீற்றருக்குச் சற்றுக் குறைவான கிண்ணியாப் பாலம். இருபுறமும் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. ரேச்சல் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கரையில் ஹனீபா படகின் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ரேச்சல் எங்கள் மூவருக்கும் முன்னால் சொன்னார். “நான் உங்களைத் திருடன்னு சொன்னேன். அது பொய். என் பையிலேயே இருந்துச்சு. மன்னிச்சுக்குங்க.”

ஹனீபா துணியில் கையைத் துடைத்தார். “மன்னிக்க ஏலா. கிண்ணியாவுல ஒருத்தரும் என்னக் கள்ளன் எண்டு சொல்லல்ல. இஞ்ச வந்து சொல்லி என்ன பிரயோசனம்?”

மூன்றாவது தடவையும் முடிந்தது. எனக்குக் கோபம் வந்தது. இந்த மனுசனுக்கு எவ்வளவு திமிர் என்று நினைத்தேன்.

“உங்கட கணக்கு சரி அக்கா, வாங்கோ போவம்,” என்றார் சிவா.

ரேச்சல் அசையவில்லை. “அவர் சொல்றது சரி. நான் வசதியான இடத்துல கேட்டுட்டேன். ஹனீபா அண்ணே, அந்த விடுதிக்கு என்கூட வருவீங்களா?”

அவர் சேர்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு முன் ஆசனத்தில் சிவாவோடு ஒட்டி உட்கார்ந்தார்.

4.30. அந்த விடுதி முற்றம் தேநீர் நேரத்துக் கூட்டத்தோடு இருந்தது. உல்லாசப் பயணிகள், பரிசாரகர்கள், முகாமையாளர், மூன்று படகோட்டிகள். ரேச்சல் நடுவில் போய் நின்று முதலில் தமிழில் சொன்னார், பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். சாக்குப்போக்கு ஒன்றுமில்லை. வெயில், களைப்பு, மறதி எதையும் இழுக்கவில்லை. யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. அந்தப் பல் வைத்தியர் உயரமாகிக்கொண்டே போவதைப் பார்த்தேன்.

முகாமையாளர் எழுந்து வந்து ஹனீபாவின் கையைப் பிடித்தார். ஹனீபா கையை மெல்ல விடுவித்துக்கொண்டு ரேச்சலிடம் போனார்.

“நான் பொறுத்துட்டன்,” என்றார். “ஒரு வருசமா ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் உங்களுக்குக் கெடுதி வரணும் எண்டு கேட்டனான். நீங்களும் என்னப் பொறுத்துக்கோங்க.”

ரேச்சல் அழுதுவிட்டார். செல்வி அழுதார். நான் அழவில்லை என்று எழுதினால் அது பொய்.

வெள்ளி, காலை 5.45. ஹனீபாவின் படகில் நாங்கள் நால்வர். காசு வாங்குவீர்களா என்று கேட்டேன். “வாங்குவன். சும்மா ஏத்தினா நான் பெரிய மனுசனாகிருவன்,” என்றார். அரைமணி நேரம் கழித்து நீலக் கறுப்பாய் ஒரு முதுகு எழுந்து, மூச்சை ஊதி, அமிழ்ந்தது. நான் குழந்தைபோல் கத்தினேன். கரைக்கு வந்தபோது விடுதிப் பரிசாரகர் ஒருவர் காத்து நின்றார். மறுநாளைக்கு ஆறு பேர் இருக்கிறார்களாம்.

11.30 பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் வீட்டில் பிழை விட்டவர் மன்னிப்புக் கேட்பதில்லை. அடுத்த கல்யாண வீட்டில், ஒன்றும் நடக்காததுபோல், சாப்பிட்டீர்களா என்று கேட்டுச் சிரிப்போம். என் தங்கையோடு இரண்டு வருடமாக நான் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பிழை என்னுடையது. அதை இப்போதுதான் எழுத்தில் பார்க்கிறேன். நாளைக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன். முதல் தடவையே கதவைத் திறப்பாள் என்று நான் நினைக்கவில்லை.