மைதானத்தில் ஒரு பெண் பார்க்கும் படலம்

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுக்குக் கிழக்கே பொள்ளாச்சி பஸ் போகும் பாதையில் இருந்த ஒரு சின்னக் கல்லூரியில் நான் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்தேன். தற்காலிக வேலைதான். பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வெயிலும் புதிது, அங்குள்ளவர்களின் பழக்கவழக்கமும் புதிது. போதாததற்கு, நான் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போன விளையாட்டு அந்த ஊர் கேள்விப்படாதது. சாஃப்ட்பால். அமெரிக்காக்காரர்கள் ஆடும் பேஸ்பாலின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மட்டையைப் பார்த்தவர்கள் உலக்கை என்று சிரித்தார்கள். பெண்களுக்குக் கால்சட்டை தைக்கச் சொன்னபோது தையல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிரின்சிபாலிடம் போய் உறுதிப்படுத்திக்கொண்டுதான் துணியை வெட்டினார்.

பிரின்சிபால் அம்மாள் நல்லவர், ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. வெளிக் கல்லூரியோடு ஒரு ஆட்டமாவது ஒழுங்காக ஆடி முடித்தால் அடுத்த வருடம் இந்த விளையாட்டும் உண்டு, நானும் உண்டு; இல்லையென்றால் இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டார். இந்த ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வேண்டும். ஊர் ஊராக வீடு ஏறிக் கெஞ்சி நான் சேர்த்தது சரியாக ஒன்பது பெண்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலும் கதை முடிந்தது.

அவர்களில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த ஒரு பெண்தான் எங்கள் கேட்சர். மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் வேலை. பந்து முகத்தில் படாமலிருக்க, கம்பி போட்ட கூண்டு ஒன்றை முகத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். மற்ற பெண்கள் அதைத் தொடவே கூச்சப்பட்டபோது இவள்தான் வாங்கி மாட்டிக்கொண்டு, கண்ணாடி எங்கே என்று கேட்டாள்.

திருச்சூர்ப் பக்கத்துக் கல்லூரி அணி எங்களோடு ஆட வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் தொடங்கச் சற்று முன்னால் அந்தப் பெண்ணின் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். நிலக்கடலை விவசாயி, பரம சாது. பொள்ளாச்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று வந்துவிட்டார்களாம். சாயங்காலம் நாலரைக்கு ராகு காலம்; அதற்குள் மகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டுமாம். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவருக்கும் மகளின் ஆசை தெரியும். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது என்றால் வீட்டில்தான், பஜ்ஜி சொஜ்ஜியோடு. இவர்களுக்கோ முதல் பார்வை ஏதாவது பொது இடத்தில், தற்செயலாகப் பார்த்ததுபோல நடக்குமாம். பிடிக்காமல் போனால் யாருக்கும் சங்கடம் இல்லை பாருங்கள். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

“கோயல்ல பாத்தா என்னங்க, இங்க பாத்தா என்னங்க? இங்கயே கூட்டியாந்தர்றனுங்க.”

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அந்தக் கூண்டைப் பற்றி அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அவர்கள் வந்து சேர்ந்தபோது ஆட்டம் முடியும் கட்டம். நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தோம். எதிரணியில் இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கினால் வெற்றி எங்களுக்கு. மைதானத்து ஓரமாக நாற்காலி போட்டு மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் மூவரையும் உட்காரவைத்தேன். பெண் எங்கே என்று மாமன் கேட்க, அப்பா கைகாட்டிய இடத்தில் ஒரு கம்பிக் கூண்டும் புழுதி படிந்த கால்சட்டையும்தான் தெரிந்தன. மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா என்னிடம் ஓடி வந்தார்.

“ஏனுங்க டீச்சர், அந்தக் கூண்ட ஒரு நிமிசம் கழட்டச் சொல்லுங்க. மூஞ்சியப் பாக்கோணும்ங்கறாங்க.”

அம்பயரிடம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தி அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் நாற்காலிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். மூன்றாவது முனையிலிருந்து ஓடிவந்து ரன் எடுத்து ஆட்டத்தைச் சமனாக்கத் தயாராக நின்ற எதிரணிப் பெண்ணையும் பார்த்தாள்.

“முடியட்டுங்க டீச்சர்” என்று கூண்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாமன் எழுந்துவிட்டார். இப்போதே இப்படி என்றால் நாளைக்கு யார் பேச்சைக் கேட்பாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்பா கூனிக் குறுகி நின்றார். ஒரு விளையாட்டுக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, பின்பக்கமாக நாற்காலிகளை நோக்கி உயரே எழும்பியது. அவள் கூண்டைப் பிடுங்கி வீசிவிட்டு, வானத்தைப் பார்த்தபடியே ஓடினாள். மாப்பிள்ளை தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு விலகினார். அவள் பாய்ந்து பந்தைப் பிடித்து, உருண்டு, மாப்பிள்ளையின் அம்மா காலடியில் போய் விழுந்தாள். பந்து கையைவிட்டு நழுவவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஆனால் கைதட்டக்கூட எங்களுக்குப் பயமாக இருந்தது.

அந்த அம்மாள் குனிந்து, தன் பட்டுப்புடவை முந்தானையால் அவள் நெற்றிப் புழுதியைத் துடைத்தார்.

“கை வலிக்குதா அம்மிணி?”

இல்லை என்று தலையாட்டிவிட்டு அவள் சிரித்தாள். ராகு காலம் பிறந்துவிட்டது என்று மாமன் முணுமுணுத்தார்.

“பொறந்தாப் பொறக்கட்டும். எடுத்த காரியத்த முடிச்சுப்போட்டுத்தான் எந்திரிச்சிருக்கா. எனக்கு இந்தப் புள்ள போதுமுங்க” என்ற அம்மாள், என் பக்கம் திரும்பி, அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார். அவள் ஆட வேண்டியதையெல்லாம் ஆடி, பரீட்சையும் எழுதி முடிக்கட்டும், கல்யாணத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். நாற்காலியோடு நின்ற மாப்பிள்ளையும் வேகமாகத் தலையாட்டினார். அதன்பிறகுதான் நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த வருடம் அந்த விளையாட்டும் இருந்தது, நானும் இருந்தேன். ஓய்வு பெறும்வரை பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பதே என் வேலையாகிவிட்டது. மகளுக்கு வரன் வந்திருக்கிறது, இனி விளையாட்டு வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ அப்பாக்கள் வந்தார்கள். அவர்கள் முன்னால் நான் பிறகு ஒருநாளும் கும்பிட்டு நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரை ஒரு நாள் மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள், வரமாட்டோம் என்றால் அந்த இடத்தில் பெண்ணைக் கொடுக்கலாமா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும் என்று நிமிர்ந்து சொல்லும் தைரியம், அந்தப் பொள்ளாச்சி அம்மாள் எனக்குத் தந்துவிட்டுப் போனது.