மாடியில் இருந்து கேட்ட மெஷின்

வந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்கு முன்னால் மேசைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறான் அருள்ராஜ். மேலே பாலிஷ் எவனும் போடுவான், தச்சன் யாரென்று அடியில்தான் தெரியும் என்பது அவன் கட்சி. என் வீட்டு மேசையைத் தடவிவிட்டு, "அடி சொரசொரன்னு இருக்கு அண்ணாச்சி, ஏமாந்துட்டியளே" என்றான். டில்லியில் மரக்கடை வைத்திருக்கிற என்னிடமே!

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கரோல் பாக்கில் பலகை சுமக்க வந்தவன் சொந்தக் கடை போட்டிருக்கிறேன் என்றால் சும்மா இல்லை. ஆளைத் தட்டிப் பார்த்தாலே உள்ளே பொக்கா, வைரமா என்று சொல்லிவிடுவேன். இவன் வைரம்.

தென்காசிக்காரன். உத்தம் நகரில் தரைத்தளத்தில் ஒரே ஒரு அறை, அதுதான் பட்டறை. துவாரகா பிளாட்டுகளில் இருக்கிற நம் ஆட்களுக்கு, மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிற கொலுப்படி செய்து கொடுக்கிறான். அதற்கு எல்லாப் பலகையும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒன்று நூலளவு தடித்தாலும் படி மடங்காது. இழைப்பதற்காகப் பலகைகளை ஈ-ரிக்‌ஷாவில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோவான். அங்கே பெரிய ஆர்டர்தான் முதலில் ஓடும். "நம்ம பலகை வெயில் காஞ்சிட்டுக் கெடக்கும் அண்ணாச்சி. சொந்தமா ஒரு ரந்தா மெஷின் வேணும்" என்றான்.

ரந்தா மெஷின் என்பது டில்லியில் இழைப்பு மெஷினுக்குப் பெயர். ஒரு பக்கம் பலகையைக் கொடுத்தால் மறுபக்கம் நாம் வைத்த கனத்தில் வழவழவென்று வரும். இப்போது இரண்டு பேர் தூக்கி மேசைமேல் வைக்கிற சைஸிலேயே கிடைக்கிறது. நான் விவரம் சொன்னேன்: மோட்டாரைப் பார், அகலத்தைப் பார், பலகையின் முனையில் பள்ளம் விழுகிறதா பார். என்னைவிட யார் சரியாகச் சொல்லிவிடப் போகிறார்கள்? எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மரத்த நான் பாத்துக்கிடுதேன். மாடிய யாரு பாப்பா?" என்றான்.

மாடியில் இருப்பது வீட்டுக்காரம்மா, கோலி ஆன்ட்டி. அதே அறையில் முன்பு கிரில் பட்டறை வைத்திருந்தவனைச் சத்தம் தாங்காமல் காலி பண்ணச் சொன்னவர். அருள்ராஜுக்கும் ஏற்கெனவே இரண்டு இடம் சத்தத்தால்தான் போயிற்று. "இந்த ரூமும் போச்சுன்னா தொழில மூட்ட கட்டணும்."

எதையும் ஓட்டிப் பார்க்காமல் வாங்குகிறவன் இல்லை. சீலிங் ஃபேன் வாங்கப் போய்க் கடையில் அதற்கு அடியிலேயே பாய் கேட்டவன். ஆன்ட்டியிடம் ஹிந்தியில், "காது உங்களுது, நீங்களே வந்து சொல்லிருங்க" என்று சொல்லி மெஷின் விற்கிற கடைக்கே கூட்டி வந்துவிட்டான். அந்த அம்மா கல்யாணத்துக்கு வருவதுபோல் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வந்தார்.

கடை எனக்குப் பழக்கமான கடை. "மாதாஜிதான் மரவேலை மிஸ்திரியா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நஹீ பையா, ஜட்ஜ்" என்றான் அருள்ராஜ். "ஜட்ஜம்மாவ ஒங்க மாடி குடோன்ல உக்கார வைங்க. வீட்ல எங்க இருப்பாவளோ அங்க இருந்துதான கேக்கணும்?"

நானும் ஆன்ட்டியும் மேலே போய் உட்கார்ந்தோம். சத்தம் தாங்காவிட்டால் ஆன்ட்டி தரையில் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. கீழே அவன் முதல் மெஷினில் பலகையைக் கொடுத்தான். நீளக் கத்தி இரண்டு போட்டது, வீறிட்டது. ஆன்ட்டி செருப்புக் காலால் தரையில் ஓங்கித் தட்டினார். மெஷின் நின்றது. அடுத்ததில் கத்தி மூன்று. அதற்கும் தட்டு விழுந்தது. நான் படியருகே போய், "எலே, இந்தம்மா எதையும் ஒத்துக்கிடாதுலே. வேற ரூம் நான் பாத்துத் தாரேன்" என்றேன்.

"இருங்க அண்ணாச்சி, இன்னொண்ணு இருக்குல்லா."

மூன்றாவதில் நீளக் கத்தியே கிடையாது. உருளையைச் சுற்றிச் சின்னச் சின்னச் சதுரக் கத்திகளைச் சுருளாகப் பதித்திருந்தார்கள். அது ஓடியபோது பக்கத்து வீட்டு மிக்ஸிபோல ஒரு முனகல்தான் மேலே வந்தது. அந்த நேரம் ஆன்ட்டியின் கைப்பையில் போன் அடித்தது. லூதியானாவில் இருக்கும் தங்கை. ஆன்ட்டி காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிவலியில் ஆரம்பித்துச் சம்பந்தி வீட்டுக் கதைக்குப் போனார். கீழே மெஷின் ஓடுகிறதே என்று குரலை உயர்த்தவே இல்லை.

கீழே பலகை முடியப் போகிறது, தரையில் தட்டு விழவில்லை. பொறுக்க மாட்டாமல், மெஷினைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு அருள்ராஜ் படியேறி வந்தான். தலை மட்டும் மேலே தெரிந்தது. புருவத்தில் மரத்தூள். ஆன்ட்டி எதற்கோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அருள்ராஜ் ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தான். கீழே இருந்த கடைக்காரரைத் திரும்பிப் பார்த்து, நிறுத்தாதே, இன்னொரு பலகை கொடு என்று கையை மட்டும் ஆட்டினான்.