டைரியின் பின்பக்கத்தில் ஆகாய தூரம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பட்டம் வாங்கிய கையோடு, சிவகாசியில் டைரி அச்சிடும் கம்பெனி ஒன்றில் பிழை திருத்தச் சேர்ந்தேன். டைரியின் பின்பக்கங்கள் மக்களுக்கு அறிவூட்டுகின்றன என்று அன்று உண்மையாகவே நம்பினேன். அஞ்சல் கட்டணத்துக்கும் இராகு காலத்துக்கும் நடுவே, ‘முக்கிய நகரங்களுக்கு இடையே ஆகாய தூரம்’ என்றொரு பட்டியல் இருக்கும். அதில் சிவகாசி இல்லை என்பதை முதலாளி அந்த சீசனில்தான் கண்டுபிடித்தார்.

“டோக்கியோ இருக்கு, நம்ம ஊரக் காணோம். வெடிக் கம்பெனிக்காரக அம்புட்டுப் பேரும் நம்மகிட்டதான் ஆர்டர் குடுக்காக. என்ன நெனைப்பாக?”

“நம்ம ஊர்ல விமான நிலையம் இல்லையே, அண்ணாச்சி.”

“ஏலே, எறங்கவா சொல்லுதேன்? தூரத்தத்தான கேக்கேன்.”

பள்ளிக்கூட அட்லஸ் ஒன்று வந்தது. அதிலும் சிவகாசி இல்லாததால் முதலாளியே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அட்லஸின் கணக்குப்படி அந்தப் புள்ளி சாத்தூரையும் விழுங்கியிருந்தது. புள்ளியிலிருந்து நூல் பிடித்து, நூலை அடிக்கோலில் வைத்து அளந்து, அட்லஸ் சொன்ன கிலோமீட்டர் கணக்கால் பெருக்கினேன். டோக்கியோவுக்கும் அதே முறைதான். உலகம் உருண்டை என்பதை நூலும் பொருட்படுத்தவில்லை, முதலாளியும் பொருட்படுத்தவில்லை.

நூல் கொடுத்தவர் பைண்டிங்கில் தாள் மடிக்கும் அக்கா; அவருடைய தங்கை ஏழாயிரம்பண்ணையில் வெடி ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முந்தைய ஆண்டு அங்கே ஒரு பெண்ணுக்குத் தீப்பட்டபோது, எங்கே கொண்டுபோவது என்று தெரியாத ஆலை வேன் ஓட்டுநர் இரண்டு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய பிறகே மதுரைக்குப் போனார்.

“வேன்காரருக்கும் இந்த டைரியத்தான் குடுக்காக, தம்பி. தீக்காயத்துக்கு நேரா மதுரைக்குப் போகணும், எந்த ரோட்டுல, எம்புட்டுத் தூரம்னு அதுல போடுங்க. நாளைக்கு என் தங்கச்சிக்கு ஒண்ணுன்னா அலைய வேண்டாம்ல.”

முதலாளியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

“வெடி விக்கிறவுக குடுக்கிற டைரியில தீக்காயம்னு போடவா? படிச்ச புள்ளதான நீ? ஏழாயிரம்பண்ணை, மதுரை, தூரம். அம்புட்டுத்தான். தலைப்ப மாத்தாத.”

ஒன்றுமே இல்லாததற்கு இதுவாவது பரவாயில்லை என்று விளைவுகளைச் சீர்தூக்கி முடிவெடுத்தேன். தலைப்பு ஆகாய தூரம் என்பதால் மதுரைக்கும் நூல் பிடித்தேன். கரிசல் காட்டையும் கண்மாய்களையும் தாண்டி நேர்கோட்டில் போனால் மதுரை மிக அருகில்தான் இருந்தது.

அச்சாகி வந்த தாளை மடிக்கும்போது அக்கா அந்த வரியை இரண்டு முறை வாசித்தார்.

“பறந்து போறவுகளுக்கு எழுதிருக்கீக. அவ வேன்ல போறா, தம்பி.”

கழித்துப் போட்ட தாள் ஒன்றை எடுத்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் ஆஸ்பத்திரியையும், போகவேண்டிய ரோட்டையும், உண்மையான தூரத்தையும் கையால் எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னும் பெருசா எழுதுங்க. அந்த டிரைவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது.”