புகேகோஹேயில் கூப்பிட்ட பெயர்

எரிந்த டயர், பெட்ரோல், பொரித்த சிப்ஸ்... மூன்றும் கலந்த அந்த வாசனைதான் எனக்கு நியூசிலாந்தின் முதல் கோடைகாலம்.

மன்னாரிலிருந்து கல்யாணம் கட்டி வந்த புதிது. ஒடாஹுஹுவில் சின்ன வாடகை வீடு. அவர் கராஜ் வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். நான் சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுக்காமல் சொல்லியேவிட்டேன்.

"எனக்கு இஞ்ச ஏலாது. அம்மாட்டப் போகப்போறன்."

அவர் கோபப்படவில்லை. "சரி. ஞாயிற்றுக்கிழமை புகேகோஹேயில கிராண்ட் பிரீ கார் ரேஸ். அதை மட்டும் பாத்திட்டுப் போம்."

நானும் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போவதுபோல் பட்டுச்சேலை கட்டிப் போனேன். அங்கே பார்த்தால் எல்லாரும் அரைக்காற்சட்டை!

வழி முழுக்க எனக்குச் சரித்திரப் பாடம். முந்தி ஆர்ட்மோர் விமான ஓடுபாதையில் நடந்ததாம், பிறகுதான் புகேகோஹேக்கு வந்ததாம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பனிக்காலம் என்று பெரிய பெரிய ஓட்டக்காரர்கள் காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு இங்கே வருவார்களாம். இந்த மனுஷனுக்கு இவ்வளவு கதைக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சிப்ஸ் வாங்கப் போனவரைக் காணவில்லை... எழும்பி நின்று தேடினேன். பார்த்தால், தூரத்தில் என்னைத் தேடி எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே இல்லை. "இஞ்சாருங்கோ... இஞ்சாருங்கோ..." கார் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

கார்கள் அந்தப் பக்கம் திரும்பிய இடைவெளியில், வெட்கத்தை விட்டுக் கத்தினேன்.

"அன்ரன்!"

பக்கத்தில் நின்ற இரண்டு வெள்ளைக்காரரும் சேர்ந்து திரும்பினார்கள். அவர் சிப்ஸையும் கொட்டிக்கொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"உமக்கு என்ர பேர் தெரியுமோ?"

"ஏன் என்னை விட்டிட்டுப் போனனீங்கள்?" என்று அழுதேன். அவர் தன் காதுக்கவசத்தைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். அன்றைக்கு யார் வென்றது என்று கேட்காதீர்கள். ஊருக்குப் போகும் கதையை மட்டும் பிறகு நான் எடுக்கவேயில்லை.

இப்போது புகேகோஹேயில் கார் ரேஸ் நடப்பதில்லை. கிராண்ட் பிரீயும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அண்மையில் அந்த வழியால் போனபோது காரை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தோம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கராஜில் நின்று நின்று அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். மனுகாவ் மாலில் நான் "அன்ரன்" என்று கூப்பிட்டால், "அம்மா, ஸோ எம்பராஸிங்!" என்கிறாள் மகள்.

முதல் தரமே அவருக்குக் கேட்டுவிடும், எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பமாட்டார்... முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்பார்.

நானும் கூப்பிடுவேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.