தேயிலை ஃபேக்டரியில் காய்ந்த சப்பாத்து

கம்போங் ராஜா டவுன் கடையில் மகள் பள்ளிக்குப் போட்டுப்போகச் சப்பாத்து வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது எல்லாம் கறுப்புதான். பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் வாசம் எழுந்தது.

எங்கள் காலத்தில் வெள்ளைத் துணிச் சப்பாத்து. பழையதையே துவைத்து, வெள்ளை பூசி, பள்ளி திறப்பதற்குள் காயவைக்க வேண்டும். ஒரு வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வாரம் முழுக்க மழை.

"ஈரத்தோட போனா டீச்சர் ஏசுவாங்கப்பா" என்று அழுதேன்.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு, தாம் வேலை செய்த தேயிலை ஃபேக்டரிக்குப் போனார். இலை காயவைக்கும் மெஷின் பக்கத்தில் சப்பாத்தை வைத்தார். சூடான இலை மணத்தில் நாங்கள் நின்றிருந்தபோது தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்துவிட்டார்.

"என்னய்யா இது?"

"பிள்ளையோடதுங்கய்யா. நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குது."

அப்பாவின் வேலை போய்விடும் என்று பயந்தேன். கிராணி விறுவிறுவென்று வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் கையிலும் ஒரு ஜோடி ஈரச் சப்பாத்து இருந்தது.

"என் மகனோடது. இதையும் வச்சிடு லா. தோட்டத்துத் துரை கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

அடுத்த வருடம் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் எல்லாருடைய சப்பாத்தும் அங்கேதான் காய்ந்தன.

மகள் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்து பார்த்தாள். "சரியா இருக்கும்மா, போலாம்" என்றாள்.