தண்ணீரை மட்டும் கொடுத்துப் பார்த்தவள்

காய்ச்சி வடித்த நீரைத் திங்கட்கிழமை காலையில் பெரிய கேனில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, வாரம் முழுக்க வைத்துக்கொள்வது என் ஏற்பாடு. கருவி சொட்டுச் சொட்டாகத்தான் விடும். எனக்கோ பொறுமை கிடையாது. திருச்சியில் அந்த ஆய்வுக்கூடத்தில் நானும் என் தோழியும் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருளைப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக்கிக்கொண்டிருந்தோம். மருந்தைச் சுமந்து உள்ளே போகும் துகளை உடம்பின் காவல் செல்கள் சும்மா விடுமா, எதிர்த்துக் கிளம்புமா என்பதுதான் கேள்வி. துகள் செய்வது நான், செல்களில் சோதிப்பது அவள். ஒவ்வொரு முறையும் செல்கள் பொங்கி எழுந்தன. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காவல் செல்களை இப்படி உசுப்பிவிடும் துகள் தடுப்பூசிக்கே உதவும் என்று ஆய்வேட்டில் எழுதியும் விட்டேன்.

அவளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பாலக்கரையில் துணிக்கடை வைத்திருந்த வீட்டுப் பெண். எதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள். ஒரு நாள் துகளே சேர்க்காமல், கேன் தண்ணீரை மட்டும் செல்களுக்குக் கொடுத்திருக்கிறாள். "துகள் இல்லாமலே அதே மாதிரி பொங்குதுடி. நம்ம தண்ணிதான்" என்றாள். தேங்கிய நீரில் வளர்ந்த கிருமிகளை, ஒவ்வொரு முறையும் பயன்படுத்துமுன் சூடாக்கிக் கொன்றிருந்தோம். செத்த கிருமியின் மேலுறை நஞ்சு அந்தச் சூட்டுக்கெல்லாம் மசியாது. செல்கள் அதைத்தான் எதிர்த்திருக்கின்றன. "யாரும்மா தண்ணிய வாரக்கணக்குல வச்சது?" என்று எங்கள் வழிகாட்டி இரைந்தபோது நான் தரையைப் பார்த்தேன். என் ஆய்வேடு போய்விடுமோ என்று பயம். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "நான்தான் சார்" என்றாள்.

சுத்தமான நீரில் திரும்பச் செய்தபோது செல்கள் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தன. அதை எழுதித்தான் பட்டம் வாங்கினேன். அதற்குள் அவள் வேலையை விட்டு, கல்யாணமாகி, சவூதியில் தம்மாமுக்குப் போய்விட்டிருந்தாள். அவள் போன் எண்ணும் மாறிவிட்டது. இன்று நானும் பேராசிரியர். ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சுத்துணைக்கு யாரும் கிடையாது. அவளுக்குப் பிறகு நான் யாரோடும் அப்படிப் பழகவில்லை.

போன மாதம், ஓய்வு பெற்ற வழிகாட்டியின் வீட்டுக்குப் போய் ஒருவழியாக உண்மையைச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"தெரியும்மா. கேன்ல ஒட்டியிருந்தது உன் கையெழுத்துதானே? அப்பவே அவகிட்ட கேட்டேன். 'அவளே வந்து சொல்லுவா சார், கொஞ்சம் பொறுங்க'ன்னா. ஒரு மாசம் பார்த்துட்டுத்தான் வேலைய விட்டுப் போனா."

அந்த ஒரு மாதமும் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்துதான் மதியம் சாப்பிட்டோம். அவள் மெதுவாகச் சாப்பிடுவாள். நான் அவசரமாக முடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.