சூளைமேல் போட்ட பழி

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் ஜாடி அடுக்குகிறவர்களிடம் போய்த் தாகமாக இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்குத் தாகம் வேலையோடு சேர்ந்து வருவது. அதனால்தான் எழுபதுகளின் ஒரு கோடையில் நான் குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததையும், குடித்த வேகத்தில் வேலியோரம் ஓடியதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. நானும்தான். வேட்டி இடுப்பில் நிற்காமல் போனபோது, தொப்பை கரைந்துவிட்டதென்று பெருமைப்பட்டேன். இரண்டு ஆள் சோற்றைத் தின்றும் இளைக்கிற வித்தை எனக்கு மட்டும் கைவந்ததாக நினைப்பு.

என் மனைவிக்குத்தான் பயம். "சூளச் சூடு ஒடம்புல எறங்கிடுச்சுங்க" என்று அவளே நோயைக் கண்டுபிடித்து, அவளே வைத்தியமும் தொடங்கினாள். பெண்ணாடத்தில் கரும்பு போட்டிருந்த தன் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள். அவனும் பாசக்காரன். இந்தப் பக்கம் பஸ் ஏறும்போதெல்லாம் ஒரு தூக்கு நிறையக் கரும்புச்சாறு கொண்டுவருவான். வாய் கோணியதால் சூளையில் கழித்துப்போட்ட பீங்கான் குவளை ஒன்று வீட்டில் இருந்தது. அதில் ஊற்றி, "குடிங்க, சூடு தணியும்" என்று முன்னால் நின்று குடிக்கவைப்பாள். குடித்தால் தாகம் கூடும். கூடினால் இன்னொரு குவளை.

பிறகு சூளையின் உட்சுவரில் விரிசல் கண்டு, நெருப்பை அணைத்துச் செப்பனிட ஆரம்பித்தார்கள். கூட்டாளிகளுக்கெல்லாம் தாகம் அடங்கியது. நிழலில் சும்மா உட்கார்ந்திருந்த நான் மட்டும் பானையைக் காலி செய்தேன்.

"ஏம்பா, சூளதான் அணைஞ்சு கெடக்குதே. ஒனக்குள்ள என்னா எரியுது?" என்று கேட்டார் மேஸ்திரி. அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மனைவியோடு டாக்டரிடம் போனேன். நீல மருந்து இருந்த கண்ணாடிக் குழாயில் என் சிறுநீரில் சில சொட்டு விட்டு, நெருப்பில் காட்டினார். நெருப்பைக் கண்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். நீலம் பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. ஒரு திட்டு இல்லை, பிசிறு இல்லை. எங்கள் சூளையில் இப்படி வந்தால் மேஸ்திரி முதுகில் தட்டிக்கொடுப்பார்.

"கலரு பிரமாதமா வந்திருக்குதுங்க!" என்றேன்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கலரு வரவே கூடாதுய்யா. சர்க்கரை வியாதி. அடங்காத தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, சாப்பிட்டும் இளைப்பு, இத்தனை இருந்தும் ஏன் முன்னாடியே வரல? என்ன குடிச்சுகிட்டு இருந்தீங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். கரும்புச்சாறு என்று அவளேதான் சொன்னாள். சொல்லிவிட்டு, "நானே ஊத்தி ஊத்திக் குடுத்தேனே" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு வியாதியைவிட அந்த அழுகைதான் பயமாக இருந்தது.

மாத்திரையோடு வீடு திரும்பினோம். மறுநாள் காலை அதே கோணல் குவளை என் முன்னால் வந்தது. உள்ளே பாகற்காய்ச் சாறு. முதல் மடக்கிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் நகரவில்லை. முந்தின நாள் அழுத கண் இன்னும் வீங்கியிருந்தது.

"குடிங்க" என்றாள். "இந்தத் தடவ டாக்டரக் கேட்டுட்டுதான் ஊத்தியிருக்கேன்."